கொம்பு நின்ற இடம்

கொம்பு பதினொன்றாம் கட்டடத்தைத் தாண்டிவிட்டது.

அவன் பல் துலக்குவதை நிறுத்தினான்.

விடிந்தும் விடியாத நேரம். அடிஸ் அபாபாவில் மழைக்காலம். ஜன்னலுக்கு வெளியே அரசாங்கக் குடியிருப்புகள் ஒரே உயரத்தில், ஒரே மஞ்சளில், பாதி மூடுபனிக்குள் நின்றன. சுவரில் எழுதிய எண்கள் மட்டும் தெரிந்தன.

இங்கே யாராவது இறந்தால் விடியலில் ஒரு கிழவர் கொம்பு ஊதிக்கொண்டு வருவார். கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு முறை ஊதுவார். இறந்தவரின் வீட்டுக்குக் கீழே மட்டும் மூன்று முறை ஊதிப் பெயரைச் சொல்வார்.

பன்னிரண்டு. ஒரு முறை.

அவன் வாயைக் கொப்பளித்தான்.

குடியிருப்புக்கென்று ஒரு சாவுச் சங்கம் உண்டு. பந்தல், பெஞ்சுகள், பெரிய பாத்திரங்கள் எல்லாம் அதற்குச் சொந்தம். குடிவந்த முதல் மாதமே சுடர்க்கொடி அதில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் சிரித்தான்.

"கல்யாணமாகி எட்டு மாசம். அதுக்குள்ள சாவுச் சங்கமா?"

"இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா? நாளைக்குப் பந்தல் போட ஆள் வேணாமா, சார்வாள்?"

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால் சார்வாள். கேலி செய்யும்போது மட்டும்.

அவளுடைய சிகிச்சைக்காக இருவரும் மதுரைக்குப் போனார்கள். அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்று அவன் இங்கே சொல்லியிருந்தான்.

தனியாகத் திரும்பி வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. இன்னும் அதையேதான் சொல்கிறான்.

கீழ்வீட்டு எதேனேஷ் தினமும் படியில் நிறுத்துவாள். அவனுக்காக மெதுவான ஆங்கிலத்தில் கேட்பாள்.

"சுடர் நல்லாயிருக்காளா?"

"நல்லாயிருக்கா."

"நீதான் துடைப்பக்குச்சி மாதிரி ஆயிட்டே. போ, போய்ச் சாப்பிடு."

அவ்வளவுதான். தினமும் அதே படி. அதே கேள்வி.

அந்தக் கேள்விக்காகவே அவன் சீக்கிரம் வீடு திரும்பினான். உலகத்தில் இந்தப் பதினான்காம் கட்டடத்தில் மட்டும் அவள் இன்னும் சாகவில்லை.

பதின்மூன்று. ஒரு முறை.

இன்னொன்றும் உண்டு. அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

நான்காம் மாடிக்கு வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் தண்ணீர் ஏறும். வாசலில் நீலப் பீப்பாய். சுடர்தான் குழாயை மாட்டி நிரப்புவாள். மூடியின் மேல் குவளையைக் கவிழ்த்து, அதன் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். யாராவது எடுத்தால் தெரிந்துவிடுமாம்.

அவன் ஊரிலிருந்து வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டியோடு மாடியேறியபோது பீப்பாய் நிறைந்திருந்தது.

குவளை கவிழ்ந்திருந்தது. கைப்பிடி சுவர்ப்பக்கம்.

அடுத்த வெள்ளியும்.

அவன் அந்தத் தண்ணீரில் குளித்தான். சோறு வைத்தான்.

பதினான்கு.

ஒரு முறை.

அவன் மூச்சை விட்டான்.

இரண்டாம் முறை.

மூன்று.

பிறகு அந்தக் கிழவரின் குரல். அவர்கள் மொழி அவனுக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் இரண்டு சொற்கள் புரிந்தன. ஒன்று, இறந்தவர்களைப் பற்றி இங்கே சொல்வது: ஓய்ந்துவிட்டாள்.

மற்றது அவளுடைய பெயர்.

அவன் செருப்பில்லாமல் இறங்கினான். எந்த மாடியிலும் யாரும் இல்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன.

கீழே பந்தல் தயாராக இருந்தது. இரவில் எப்போது போட்டார்கள்? ஒரு சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை. தைலமரக் கம்பங்கள், மேலே நீலத் தார்ப்பாய், அதில் தேங்கிய மழைநீர். பெஞ்சுகளில் வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள். ஆண்கள் ஒருபுறம் நின்றார்கள். யாரும் அழவில்லை.

நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

எதேனேஷ் எழுந்து வந்தாள்.

"போறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டா. திரும்பி வரமாட்டேன்னு. நீ யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னும் சொன்னா. வெள்ளிக்கிழமை தண்ணி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தா. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா."

ஞாயிற்றுக்கிழமைகளில் டீ வேண்டும் என்று அவனை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு அனுப்புவாள். வாங்கி வந்தால் குடிக்கமாட்டாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போன் வரல. நான் கூப்பிட்டேன். எடுக்கல. அன்னைலேர்ந்து எண்ணிட்டு வரோம். வீட்டுக்காரன் வாயால வரட்டும்னு காத்திருந்தோம். இன்னைக்கு நாற்பதாவது நாள். எங்க வழக்கப்படி இதுக்கு மேல காத்திருந்தா அவளுக்கு ஆகாது."

கிழவர் கொம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவன் பந்தலைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். இப்போதுகூடச் சொல்லலாம். நல்லாயிருக்கா. அம்மா வீட்டுல. யாரும் மறுக்கமாட்டார்கள். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். நாளை அதே படியில் அதே கேள்வி வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பேச்சுதான் நின்றது. கண் திறந்திருந்தது. திங்கள் முழுவதும் அவன் விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

செவ்வாய் காலை வரை பிடித்திருந்தாள்.

சந்தையில் பேரம் பேசுவதற்காக அவர்கள் மொழியில் எண்களை மட்டும் அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். நூறு வரை.

"இல்லை," என்றான். அவர்கள் மொழியிலேயே சொன்னான். "முப்பத்தெட்டு."

எதேனேஷ் தலையைக் குனிந்தாள்.

அதன் பிறகுதான் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.