சிந்தாத கரண்டி

சமையலறை மேசைமேல் டியூப்லைட் வெளிச்சம் வெள்ளை வெளேரென்று விழுகிறது. பள்ளி இறுதியாண்டு டிசைன் பாடத்துக்காக அவள் செய்த, கை நடுங்கினாலும் சிந்தாத கரண்டி ஓரமாக மினுங்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறது. முதலில் சாதாரணக் கரண்டியால் சூப் குடிக்கும்போது சித்தப்பா சிந்துவதைப் படம்பிடித்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் மார்க்கே கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் சித்தப்பாவின் கை நடுக்கம் அடங்கிவிடும். அதனால் மத்தியான மாத்திரையை அவள் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சூப் மோவாயில் வழிந்து, கழுத்துச் சுருக்கத்தில் தேங்கி, சட்டைக்குள் இறங்குகிறது. கரண்டி பல்லில் டக்டக்கென்று மோதுகிறது. "செம! எப்படி ஆடுது பாரு!" என்று போனைப் பிடித்திருக்கும் அண்ணன் சிரிக்கிறான். மாத்திரையைக் கொடுக்காத தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது. "மாத்திரை குடுக்க மறந்துட்டியாம்மா? பரவால்ல விடு," என்கிறார் சித்தப்பா, மூச்சு வாங்க. "உனக்கு மார்க் வந்தா சரி. படம் நல்லா வந்துச்சா?" அண்ணன் உதட்டைப் பிதுக்குகிறான். "கை மறைச்சு முகமே தெரியலடி." கிண்ணத்தில் மறுபடி சூப்பை ஊற்றிவிட்டு அவள் சொல்கிறாள்: "இன்னொரு தடவை, சித்தப்பா."