அந்த ஒருத்தர்

"இந்தப் பனியனோடயா டாக்டரைப் பார்க்க வந்தீங்க?" என்றாள் மனைவி.

"மேல சட்டை போட்டிருக்கேன்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

வெல்டர் மேல் பட்டனையும் மாட்டினார். பனியன் முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். நெஞ்சில் முறுக்கிய ஏணி போல ஒரு படம், பாதி அழிந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. மனைவி அதைக் கரித்துணியாக்கும்போதெல்லாம் அடுப்படியில் புகுந்து மீட்டுவிடுவார்.

நர்ஸ் மறுபடியும் ரத்தம் எடுக்க அவரை அழைத்துப் போனாள். மனைவியால் உட்கார முடியவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தாள். எதுவும் மனதில் ஏறவில்லை.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார்.

"உட்காருங்க."

"நிக்கிறேன் டாக்டர். சொல்லுங்க."

"மரபணுவில ஒரு எழுத்து மாறியிருக்கு."

"அதனாலதான் மயங்கி மயங்கி விழறாரா?"

"அதுதான் தெரியல."

"தெரியலைன்னு சொல்லவா இத்தனை நாள் காக்க வச்சீங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"லட்சக்கணக்கான பேரோட மரபணு இதுல இருக்கு. கிட்டத்தட்ட எல்லாருமே வேற வேற இனத்து ஜனங்க. அவங்கள்ல யாருக்கும் இந்த மாற்றம் இல்லை. உங்க ஆளுங்க ஒரு ஆயிரம் பேர் இருந்திருந்தா, இது கெடுதலா இல்லையான்னு இந்நேரம் சொல்லியிருப்பேன்."

"எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தர்."

அவள் உட்கார்ந்தாள்.

"இவரோட அண்ணன் செருப்பு மாட்டக் குனிஞ்சவர் நிமிரவே இல்லை டாக்டர். இவருக்கு நெஞ்சுல, இதயம் நின்னா ஷாக் குடுக்கற கருவி வச்சா வெல்டிங் பக்கமே போகக் கூடாதுன்னு போன தடவை சொன்னீங்க. அவருக்கு வேற தொழில் தெரியாது. வைக்கலைன்னா, மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பார்த்துக்கிட்டே நான் கிடக்கணும். அந்த ஒருத்தருக்கு என்ன ஆச்சு?"

"இதே மாற்றம் அவருக்கும் இருக்கு. ஆனா நல்ல ஆரோக்கியம்னு குறிச்சிருக்கு. அவர் மட்டும் இல்லைன்னா இன்னிக்கே கருவி வைக்கச் சொல்லியிருப்பேன். அவர் இருக்கறதாலதான் கொஞ்சம் பொறுக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"யாரு அவரு?"

"பேரை எடுத்துட்டுத்தான் சேர்ப்பாங்க. தெரியாது."

"எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெல்டர் முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி வந்தார். "என்ன, பொழைச்சுக்குவேனா?"

"பேசாம உட்காருங்க. உங்களுக்கு இருக்கறது இன்னொருத்தருக்கும் இருக்காம். அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்காராம்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். "சட்டையைக் கழட்டுங்க."

கழட்டினார். ஏணிப் படத்துக்கு அருகே போன டாக்டரின் கை அப்படியே நின்றது. கணினித் திரையின் மூலையிலும் அதே ஏணிச் சின்னம்.

"இந்தப் பனியன் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பவே சொன்னேன், கேட்டாரா?"

"பாலிடெக்னிக் படிக்கறப்ப குடுத்தாங்க டாக்டர்," என்றார் வெல்டர் கூச்சத்தோடு. "ஏதோ ஆராய்ச்சியாம். குழாய்ல எச்சில் துப்பிக் குடுத்தா ஒரு பனியன். எங்க ஆளுங்கள்ல யாரும் கிட்டயே போகல. நான் ஒருத்தன்தான் துப்பினேன்."