இரண்டு அப்பாஸ்

கண் டாக்டர் இரண்டு விரல்களைக் காட்டினார். சைதூன் நாலு என்றாள்.

“நல்லா எண்ணிட்டுத்தான் சொல்றேன் டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அவள் கணவர் அப்பாஸும் சிரித்தார். சைதூனுக்கு இரண்டு அப்பாஸ்கள் சிரிப்பது தெரிந்தது.

பத்து நாளாக இதே கூத்துதான். பேகம்பூர் வீட்டில் எல்லாமே இரட்டையாகிவிட்டது. இல்லாத டம்ளரில் டீயை ஊற்றி அடுப்பு மேடையை நனைத்தாள். தெருவில் வந்த ஒரே ஸ்கூட்டருக்கு இரண்டு தடவை ஒதுங்கினாள். அப்பாஸ் அவள் தட்டில் ஒரு முட்டையை வைத்துவிட்டு, ரெண்டு வச்சாச்சு என்று சாதித்தார்.

செருப்புக்கடை அப்பாஸ் ஒருவரையே முப்பது வருஷமாகச் சமாளித்தவள். இப்போது இரண்டு பேர். ஒருவர் நேராக நின்றார். இன்னொருவர் கொஞ்சம் சாய்ந்து நின்றார்.

சாய்ந்தவர்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறார் என்று பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் சொல்லி வைத்தாள். அது காதில் விழுந்ததும் அப்பாஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

இரண்டு பேருமே.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் செருகினார். வலது கண்ணை அசைக்கும் தசை ஒன்று தடித்திருந்தது. பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினார்.

முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார்.

வாய் ஓயாத அப்பாஸ் சுவரைப் பார்த்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்தார்கள், புற்றுநோய், அதுதான் சரியாகிவிட்டதே என்று சைதூனே சொன்னாள்.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. அதே நோய் கண் தசைக்கு வந்திருக்கலாம், நாளைக்கே மதுரையில் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள், மருந்துக்குக் கட்டுப்படும் என்றார். அதுவரை எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் இருக்க, வலது கண்மேல் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

சைதூன் திரும்பினாள்.

ஒரே ஒரு அப்பாஸ் நின்றிருந்தார். தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

“இப்ப இருக்கிறதே ஒருத்தருதான்,” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அவரும் அழுதுக்கிட்டு நின்னா என்னைய மதுரைக்கு யாருங்க கூட்டிட்டுப் போறது?”