சிவந்த கண்ணுக்குச் சல்லிசு விலை

பார்வையின் விலை முந்நூறு ரூபாய். சொட்டு மருந்து ஒரு குப்பி. அதை வாங்காமல் பொற்கொடி பத்து நாள் கடத்தினாள்.

காரணம் உண்டு. ஒரு பொருளுக்காக நாம் எவ்வளவு தவிக்கிறோம் என்று கடைக் கேமரா கண்ணில் படித்துத்தான் விலை போடும். அவளுக்கு வெள்ளைவிழி இரண்டும் வீங்கிச் சிவந்ததும் கேமராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதை எடுத்தாலும் அடிமாட்டு விலை. மகளின் கல்யாணப் பட்டில் மட்டும் ஆறாயிரம் மிச்சம்.

"இன்னும் தள்ளிப்போட்டா பார்வையே போயிடும்மா" என்றார் டாக்டர்.

"பாத்திரம் மட்டும் வாங்கிட்டு வந்துடுறேன் டாக்டர்."

மறுநாள் வலியில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கணவர் தவமணி மருந்துக்கடைக்கு ஓடினார். முப்பது வருடத்தில் அவளை ஒரு வார்த்தை கொஞ்சியறியாத மனுஷன்.

மூன்று நாளில் வலி அடங்கியதும் பில்லைப் பார்த்தாள். ஒன்பதாயிரத்து நானூறு.

"முந்நூறு ரூபா மருந்துங்க இது."

"கேமராவுல ஏதோ கோளாறு" என்று தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்த குப்பிக்கு உங்க தம்பியை அனுப்புங்க. நான் இருந்தா என்ன, போனா என்னன்னு இருக்கிறவரு. சல்லிசா வாங்கிட்டு வருவாரு."

பட்டில் வரவு ஆறாயிரம், மருந்தில் செலவு ஒன்பதாயிரத்து நானூறு. நஷ்டம் மூவாயிரத்து நானூறு என்று எழுதிவிட்டு, பில்லை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.