கரையில் யாருமில்லை

ஜன்னலோரத் தொட்டித் தண்ணீரில் ஏரியின் புகைப்படம் ஒன்று ஊறிக் கிடக்கிறது. தாளில் பூசிய கரிச்சாயம் காயும்வரைதான் கரையும். காய்ந்துவிட்டால் அசைக்க முடியாது. புகைப்படக்காரர் ஈரத் தூரிகையால் தொடும் இடமெல்லாம் மூடுபனியாகிறது. மலை பாதி போய்விட்டது. மரங்கள் சாம்பல் நிழலாக நிற்கின்றன. தூரிகை இப்போது கரைக்கு வருகிறது. அங்கே நகக்கண் அளவில் ஒரு பெண். வெந்நீர்க் கெண்டியோடு பக்கத்தில் நிற்கும் அவர் மனைவிதான் அது. விடிகாலைக் குளிரில், படம் அசையாமல் பதிய அறுபது எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள். “என்னையும் அழிக்கப் போறீங்களா?” என்கிறாள். “படத்துல தனிமை தெரியணும். ஆள் நின்னா எப்படித் தெரியும்?” “யாருமே இல்லன்னா, தனியா இருக்கிறது யாரு?” அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டே தடவலில் தலை, தோள், கால் எல்லாம் கரைந்து போகின்றன. தாளைத் தூக்கி நீர் வடியவிட்டு, கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். முகத்தில் அப்படியொரு நிறைவு. “இப்பப் பாரு.” அவள் குனிந்து பார்க்கிறாள். கரையில் ஈ காக்கை இல்லை. ஏரித் தண்ணீருக்குள் மட்டும் அவள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறாள். “நல்லா இருக்கு,” என்கிறாள். “இனிமே கை வைக்காதீங்க. அப்படியே காயப் போடுங்க.”