துரை வந்தாச்சு

அந்தப் பொத்தானை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தது பாம்புக்காதுதான். வேறு யாரும் அதைத் தொடவில்லை. பழியைப் பங்கு போட்டுக்கொள்ளக்கூட ஆளில்லை.

சவுண்ட்பாரின் முகத்தில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் பட்டென்று அணைந்தன. கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு, கடையிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியதுபோல 'ஹலோ' என்றது.

"பழைய கதையெல்லாம் அழிச்சாச்சு. இனிமே இது பச்சைக் குழந்தை," என்று கையைத் தட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் மூடியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார்.

பாம்புக்காது என்பது மச்சினன் வைத்த பெயர். இவருக்குப் பிழைப்பு பள்ளி வேன் ஓட்டுவது. பின்சீட்டில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கிள்ளியது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்த ஒரே தகுதிக்காக, சொந்தத்தில் யார் பாட்டுப்பெட்டி வாங்கினாலும் இவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். இன்று மச்சினன் இந்த வீட்டில் பழைய சவுண்ட்பார் ஒன்று வாங்க வந்திருக்கிறான். காதும் வாயும் இவருடையது.

வந்து உட்கார்ந்ததிலிருந்து குறை ஒன்றும் சிக்கவில்லை. பேரம் பேச வந்தவருக்கு அதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும்?

சவுண்ட்பாரோடு சேர்ந்த பேஸ் பெட்டியின் பின்துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். கருகல் வாடை இல்லை. உள்ளங்கையை நீட்டினார். ஒவ்வொரு அடிக்கும் காற்று ஒழுங்காக வந்து முட்டியது. இடிச் சத்தத்தை முழுதாக வைத்தார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பெட்டி நடுங்கவில்லை. ரகசியம் பேசுகிற காட்சி ஒன்றைப் போட்டார். பேசியவள் எச்சில் விழுங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

இப்படி ஒரு பொருளை இந்த விலைக்கு எவன் கொடுப்பான்?

"ஏன் சார் விக்கிறீங்க?"

வீட்டுக்காரர் முதலில் இடம் போதவில்லை என்றார். அந்தக் கூடத்தில் பந்து விளையாடலாம். ஒரு சோபா, ஒரு டிவி, சாப்பாட்டு மேசை, அதன்மேல் மூடி வைத்த ஒரு தட்டு. அவ்வளவுதான் சாமான்.

அப்புறம், கரண்ட் நிறைய இழுக்கிறது என்றார். அப்புறம், இதைவிடப் பெரிதாக வாங்கப்போகிறோம் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்கிறவன் விலையில் விட்டுக்கொடுப்பான் என்பது பாம்புக்காதின் கணக்கு. பொய்க்குப் பொய் விலையைக் குறைத்துக் கேட்டார். மனிதர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "அத்தான், போதும், பாவம்," என்று மச்சினன் காதைக் கடித்தான். அவன் பார்வையில் பாதி அந்தத் தட்டின்மேல் இருந்தது. நமக்காக இருக்குமோ என்ற நப்பாசை.

தொந்தரவு ஒன்றே ஒன்றுதான்.

அணைத்துவிட்டுப் போடும்போதெல்லாம் சவுண்ட்பார் இவருடைய போனைச் சட்டை செய்யாமல், உள் அறையிலிருந்த வேறு ஒரு போனை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் ஒரு மணி அடித்தது. முகப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது: துரை வந்தாச்சு.

யாரோ குறும்புக்காரன் தன் போனுக்கு வைத்த பெயர். முதல் தடவை பாம்புக்காது சிரித்தார். அடுத்த தடவை, "யாரு சார் அந்தத் துரை, நம்மள நெருங்கவே விட மாட்டேங்கிறாரு?" என்றார். அதற்கும் அடுத்த தடவை பொறுமை போய்த்தான் பொத்தானைப் பிடித்தார்.

இப்போது அந்தக் கதவு திறந்தது.

வந்த அம்மாவின் கையில் ஒரு போன். பிடுங்கிய வேகத்தில் சார்ஜர் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"மணி அடிக்கலியே. பேரைக் காணோமே."

"அது ஒண்ணுமில்லம்மா. போனைத் திறந்து ரெண்டு தட்டு தட்டினா தானா வந்துடும்."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடி ஒரு மூலையில் நொறுங்கி, விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. ஆனால் பளபளவென்று துடைத்து வைத்த போன். திறக்க நம்பர் கேட்டது.

"நம்பர் என்னம்மா?"

"அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அட, இதுக்கா யோசிக்கிறீங்க? துரைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் இவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று பாம்புக்காதுக்குத் தெரியவில்லை.

"அவன் படி ஏறும்போதே இது சொல்லிடும் தம்பி," என்றாள் அந்த அம்மா, சவுண்ட்பாரைத் தடவியபடி. "நான் சாப்பாட்டைச் சூடு பண்ணி வச்சிடுவேன். எப்படியாவது திரும்ப வர வையுங்களேன்."

பாம்புக்காது பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார். 'ஹலோ' என்றது. 'ஹலோ' என்றது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் நடக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போது கையை எடுக்க முடியவில்லை.

"விடுங்க சார்."

வீட்டுக்காரர் வந்து போனை வாங்கி, ஒயரைச் சுருட்டி, மனைவியின் கையில் கொடுத்தார். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"ஏன் விக்கிறீங்கன்னு கேட்டீங்கல்ல? பையன் தவறி எட்டு மாசமாகுது. இது தினமும் வந்தாச்சுன்னு சொல்லுது. அவ தினமும் தட்டு போட்டு மூடி வைக்கிறா. அதுக்குத்தான் சார் விக்கிறேன்."