ஒன்பது நற்சான்றுகள்

"ஒரு கையெழுத்துக்கு ஒரு கரிக்கட்டி கேக்குறானாம். ஜெயிலுக்குப் போய் வந்தும் புத்தி வரலை பாருங்க," என்றாள் திருமதி பிரீபே. அவள் கைப்பையிலும் ஒரு கரிக்கட்டி இருந்தது.

"மானம் வேணாமா மனுஷனுக்கு?" என்றார் வரிசையில் பின்னால் நின்ற கோபிஷ். அவர் தம்முடையதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்.

போர் முடிந்து இரண்டாவது குளிர்காலம். பெர்லினில் அந்த அடுக்குமாடிக் கட்டடம் பாதிதான் மிஞ்சியிருந்தது. ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் அதில் லோஸ்கே ஒருவர்தான். மற்றவர்கள் நாஜிக் கட்சி அட்டை வைத்திருந்தவர்கள். 'இவர் நல்லவர்' என்று லோஸ்கே எழுதிக் கொடுத்தால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் இடிபாட்டில் உட்கார்ந்து செங்கல்லில் ஒட்டிய காரையைச் சுரண்ட வேண்டியதுதான்.

பிரீபேயின் கணவர் தலைமையாசிரியராக இருந்தவர். சுரண்டிச் சுரண்டி இப்போது விரலெல்லாம் வெடிப்பு.

"என்ன எழுதணும்?" திருமதி பிரீபேயின் முறை வந்ததும் லோஸ்கே தலை நிமிராமலே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா ஐயா? நீங்க உள்ள இருந்தப்ப உங்க மனைவி இர்மாவை நாங்கதானே பார்த்துக்கிட்டோம். குண்டு போட வந்தா, நிலவறையில என் பக்கத்துலதான் உக்கார வைப்பேன்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு தடவையும்னு போடுங்க. சால்வை போர்த்திவிட்டேன்னும் சேர்த்துக்குங்க."

"என்ன நிறம்?"

"ம்... பச்சைன்னே போடுங்க."

எழுதினார். கையெழுத்திட்டார். கரிக்கட்டியை வாங்கி அடுப்பருகே வைத்தார்.

"அல்பம். ஒரு கட்டிக்கு எதை வேணும்னாலும் எழுதுறான்," என்று கோபிஷிடம் முணுமுணுத்தபடி அவள் படியிறங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய கட்சிக்காரர்களை விசாரிக்கும் குழுவிலிருந்து லோஸ்கேவுக்கு அழைப்பு வந்தது. அதிகாரி ஒன்பது காகிதங்களை மேசையில் பரப்பினார்.

"ஒன்பது பேரும் உங்க மனைவியைப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க. அதுல ஆறு பேர் சால்வையும் போர்த்தியிருக்காங்க. கரி வாங்கிட்டுத்தான் எழுதினீங்களாமே?"

"ஆமா. சும்மா எழுதிக் கொடுத்தா அவங்களுக்கு என் மேல சந்தேகம் வந்திருக்கும். விலை சொன்னதும் நம்பிட்டாங்க."

"அப்ப இதெல்லாம் உண்மையா?"

"அவங்க சொன்னது. ஒரு எழுத்து மாத்தலை."

அதிகாரி பேனாவை மூடினார். "எதுக்கும் உங்க மனைவியை ஒரு வார்த்தை கேட்டுடலாம். வரச் சொல்லுங்க."

"அவ இல்லைங்க. குண்டுவீச்சுல போயிட்டா."

"நிலவறையிலயா? இத்தனை பேருக்கு நடுவுலயா?"

"இல்ல. நிலவறைக் கதவுக்கு வெளிய கிடந்தவளைத்தான் தீயணைப்புக்காரங்க எடுத்தாங்களாம். தாழ் உள்பக்கம் போட்டிருந்துச்சாம்."